வட்டமாக உட்கார்ந்தால் பங்கேற்பு ஆகிவிடுமா?

பாலக்கோடு பக்கத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கும் அறிவியலும் எடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கற்றல் ஒரு சமூகச் செயல், உண்மையான வேலை நடக்கும் இடங்களில் பங்கேற்பதுதான் கற்றல் என்று பணியிடைப் பயிற்சி ஒன்றில் சொல்லி அனுப்பினார்களாம். அதை நம்பிப் பிள்ளைகளை ஆறு ஆறு பேராக வட்டமாக உட்கார வைத்தீர்கள். ஒருநாள் வகுப்பு முழுவதையும் பக்கத்து ஊர்ப் பட்டுப்புழு வளர்ப்பு மனைக்கு அழைத்துப் போனீர்கள். மாதத் தேர்வில் ஒன்றும் மாறவில்லை. ஒரு மாணவனைப் பற்றியும் சொல்லியிருக்கிறீர்கள். தக்காளி மண்டியில் அப்பா பக்கத்தில் நிற்கும்போது பதினேழு கிரேட் என்ன விலை என்று வாய்க்கணக்காகச் சொல்லிவிடுகிறவன், அதே பெருக்கலைக் கரும்பலகையில் எழுதினால் விழிக்கிறான். 'இது குழுச் செயல்பாட்டுக்கு வைத்த புதுப் பெயர்தானே? இதற்கு ஆதாரம் உண்டா, கேட்க நன்றாக இருக்கும் பேச்சு மட்டும்தானா?' என்று முடித்திருக்கிறீர்கள்.

பள்ளி ஆசிரியையாகவும் பிறகு ஆசிரியர் பயிற்சியிலும் என் பணிக்காலம் முழுவதும் இந்த வட்டாரத்திலேயே கழிந்தது. தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் 2004இல் தனித்தனி மாவட்டங்கள் ஆவதற்கு முன்பே வேலைக்கு வந்தவள் நான். முதலில் நேரான பதிலைச் சொல்லிவிடுகிறேன். ஆதாரம் உண்டு, அது வலுவான ஆதாரமும்கூட. ஆனால் வட்டமாக உட்கார்வதைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. யாருக்கோ உண்மையிலேயே தேவைப்படுகிற ஒரு வேலை நடக்கிறது. புதிதாக வருகிறவருக்கு அதில் ஒரு சின்னப் பங்கு கிடைக்கிறது. அந்தப் பங்கைச் செய்யும் இடத்திலிருந்து மொத்த வேலையும் கண்ணில் படுகிறது, அடுத்த பங்குக்குப் போக வழியும் திறந்திருக்கிறது. இப்படி அமைந்த இடத்தில் மனிதர்கள் கற்கிறார்கள் என்பதே அந்த ஆய்வுகள் காட்டுவது. பாடநூலின் பயிற்சி வினாவுக்கு ஆறு பேர் சேர்ந்து விடை எழுதினால், அந்த விடை இல்லாமல் யாருடைய வேலையும் நிற்கப் போவதில்லை. கையெழுத்து நன்றாக உள்ள பிள்ளை எழுதும், மற்ற ஐவரும் பார்த்திருப்பார்கள். நீங்கள் கண்டதும் இதுதான் என்று நினைக்கிறேன்.

இந்தக் கருத்து எங்கிருந்து வந்தது என்பதைச் சற்று விரிவாகச் சொன்னால்தான் உங்கள் வகுப்புக்கு அதில் என்ன இருக்கிறது என்று பிடிபடும். ஜீன் லேவ் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1970களில் லைபீரியாவின் தலைநகரான மன்ரோவியாவில் தையற்காரர்களிடையே ஆய்வு செய்தார். அங்கே தொழில் பழக வரும் பையன்களுக்குத் தனியாக வகுப்பு கிடையாது, தேர்வும் கிடையாது. ஆனாலும் அவர்களில் பெரும்பாலோர் தேர்ந்த தையற்காரர்களாக வெளியே வந்தார்கள். லேவ் கவனித்தவற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது, வேலையைப் பழக்கிய வரிசை. ஓர் உடுப்பு உருவாகும்போது முதலில் துணியை வெட்டுகிறோம், பிறகு தைக்கிறோம், கடைசியில் பித்தான் வைத்து ஓரம் மடித்து இஸ்திரி போடுகிறோம். பழக வந்த பையன்கள் தொடங்கியது அந்தக் கடைசி வேலையில். பித்தான், ஓரம், இஸ்திரி முடிந்த பிறகு தையல், அதற்கும் பிறகுதான் கத்தரிக்கோல். பித்தானைத் தவறாக வைத்தால் பிரித்து மறுபடி வைத்துக்கொள்ளலாம், துணியைத் தவறாக வெட்டினால் துணியே போயிற்று. அது ஒரு காரணம். இன்னொன்று இதைவிட நுட்பமானது. பித்தான் வைக்கும் பையனின் மடியில் முழுச் சட்டை இருக்கிறது. கழுத்து எங்கே சேர்கிறது, கை எப்படிப் பொருந்துகிறது என்பதை அவன் நாள் முழுவதும் கையால் தடவிப் பார்க்கிறான். தைக்கத் தொடங்கும்போது எந்தத் துண்டு ஏன் அந்த வடிவத்தில் வெட்டப்பட்டது என்பது புரிகிறது. கத்தரிக்கோல் கைக்கு வரும் நாளில், வெட்டப் போவது என்ன என்பதை அவன் எப்போதோ அறிந்திருக்கிறான்.

இதை முதல் தடவை படித்தபோது என் நினைவுக்கு வந்தவை பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்துப் பட்டு வளர்க்கும் வீடுகள். உங்கள் மாணவர்களில் சிலருடைய வீட்டில் நிச்சயம் மல்பெரித் தோட்டம் இருக்கும், அவர்களைக் கேட்டுப் பாருங்கள். அந்த வீட்டுப் பிள்ளை முதலில் உள்ளே நுழைவது பெரும்பாலும் புழு பழுக்கும் நாளில்தான். ஒரு தோலுரிப்புக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட காலத்தைப் பருவம் என்பார்கள், ஐந்தாம் பருவத்தின் முடிவில் புழு தின்பதை நிறுத்துகிறது. அதுவரை வெளிறிய வெண்மையாக இருந்த உடம்பு லேசாக மஞ்சளோடி, கண்ணாடிபோல ஒளி ஊடுருவத் தொடங்குகிறது. தலையைத் தூக்கி ஆட்டிக்கொண்டு பற்றி ஏற இடம் தேடுகிறது. அந்தப் புழுவைப் பொறுக்கி, கூடு கட்டுவதற்கான தட்டாகிய சந்திரிகையில் விட வேண்டும். பழுக்காத புழுவை விட்டால் கூடு கட்டாமல் சுற்றிச் சுற்றி அலையும். பழுத்ததை விட்டுவைத்தால் தழைப் படுக்கையிலேயே நூலை இழுத்து வீணாக்கும். எல்லாம் ஒரே நாளில், ஏறக்குறைய ஒரே நேரத்தில் பழுப்பதால் வீட்டில் இருக்கும் கைகள் போதாது. பாட்டி வருவார், அடுத்த வீட்டுக்காரர் வருவார், பள்ளி விட்டு வந்த பிள்ளையும் உட்கார்ந்துகொள்ளும். முதல் கால் மணி நேரம் அந்தப் பிள்ளை எடுக்கிற பத்துப் புழுவில் நாலைப் பாட்டி திருப்பிப் படுக்கையில் போடுவார். 'வெளிச்சத்தில் பிடித்துப் பார்' என்பதைத் தவிர விளக்கம் எதுவும் இருக்காது. பொழுது சாய்வதற்குள் அந்தக் கண் வந்துவிடும். முன்னே பின்னே பார்த்திராதவருக்கு அந்த மஞ்சளைச் சொல்லால் புரியவைக்க என்னால் முடியாது, பாடநூலாலும் முடியாது.

தையற்கடையின் வரிசை அப்படியே இங்கும் இருப்பதைக் கவனியுங்கள். ஒரு புழுவைத் தவறாக எடுத்தால் நட்டம் ஒரு கூடு. ஆனால் தொடக்கத்தில் மனையைக் கிருமிநீக்கம் செய்வதில் பிழை நேர்ந்தால் அந்த வளர்ப்பு மொத்தமும் நோயில் போகும். அதனால் அந்த வேலை பிள்ளைகளிடம் வருவதில்லை. முதலில் பழுத்த புழு பொறுக்குதல், அப்புறம் தழை போடுதல், பின்பு படுக்கை சுத்தம் செய்தல், தோலுரிக்கும் நேரம் பார்த்துத் தழையை நிறுத்துவது, மீண்டும் போடுவது என்று பிள்ளை படிப்படியாகப் பின்னோக்கி நடக்கிறது. இப்படி ஒரு பாடத்திட்டம் வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து எழுதியதில்லை. மன்ரோவியாவிலும் எழுதவில்லை.

இப்போது உங்கள் சுற்றுலாவுக்கு வருகிறேன். வகுப்பு முழுவதையும் மனைக்கு அழைத்துப் போனால் என்ன நடக்கும் என்பதை நானே ஊகிக்க முடிகிறது. பட்டு வளர்க்கும் எவரும் அத்தனை பேரை உள்ளே விட மாட்டார்கள், விடவும் கூடாது. வெளியாள் காலிலும் கையிலும் நோய் வரும் என்பதால்தான் வாசலில் சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் தூவியிருக்கிறது. பிள்ளைகள் வாசலில் நின்று எட்டிப் பார்த்திருப்பார்கள், வீட்டுக்காரர் ஒரு தட்டைக் கொண்டுவந்து காட்டியிருப்பார், அவர்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு திரும்பியிருப்பார்கள். எழுதியவை சரியான தகவல்கள்தான். ஆனால் அங்கே நடந்த வேலையில் அவர்களுக்குப் பங்கு எதுவும் இல்லை. வேலை நடக்கும் இடத்துக்கு அருகில் போவதும் வேலைக்குள் போவதும் ஒன்றாகாது. லேவும் எட்டியென் வெங்கர் என்ற ஆய்வாளரும் 1991இல் சேர்ந்து எழுதிய சிறு நூலில் இதற்கு ஒரு கசப்பான உதாரணம் வருகிறது. அமெரிக்கப் பேரங்காடிகளில் இறைச்சி வெட்டும் தொழில் பழக வந்தவர்களில் சிலரை, வெட்டிய இறைச்சியைப் பொட்டலம் கட்டும் மேசையிலேயே நிறுத்திவிட்டார்கள். அனுபவசாலிகள் வெட்டுவது வேறு அறையில். இவர்கள் நிற்கும் இடத்திலிருந்து அது கண்ணில் படாது, உள்ளே போய்ப் பார்க்கவும் தயக்கம். தொழிற்பள்ளியிலோ கடைகளில் யாரும் செய்யாத வெட்டுகளைக் கற்பித்தார்கள். ஆக, ஓர் இடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாலேயே ஒருவர் கற்றுவிடுவதில்லை. எங்கே நிற்க வைத்தார்கள், என்ன கண்ணில் படுகிறது, எதைத் தொட அனுமதி என்பவைதான் தீர்மானிக்கின்றன. இந்த வட்டாரத்தில் தொழிற்பழகுநராகச் சேர்ந்து, ஒரே திருகாணியை முடுக்கிவிட்டு ஆண்டு முடிந்ததும் சான்றிதழோடு வீடு திரும்பிய பழைய மாணவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். அவர்களிடம் குறை இல்லை. பார்க்க இடம் தராத இடத்தில் அவர்கள் நின்றார்கள்.

தக்காளி மண்டிப் பையனுக்கு வருவோம். அவனைப் போன்றவர்களைப் பற்றி 1985இல் வெளியான ஓர் ஆய்வு இந்தத் துறையில் எல்லோரும் அறிந்தது. பிரேசிலின் ரெசிஃபி நகரில், தெருவில் வியாபாரம் செய்யும் 9 முதல் 15 வயது வரையிலான பிள்ளைகளிடம் ஆய்வாளர்கள் வாடிக்கையாளர் போலப் போய்ப் பொருள் வாங்கிக் கணக்குக் கேட்டார்கள். 98 சதவீதத்துக்கு மேல் விடை சரியாக வந்தது. பிறகு அதே எண்களைத் தாளில் வெறும் கணக்காகக் கொடுத்தபோது சரியானவை சுமார் 37 சதவீதம்தான். கதையோடு சேர்த்த கணக்காகக் கொடுத்தால் சுமார் 74. ஒரு தேங்காய் 35 குருசேரோ (அன்றைய பிரேசில் நாணயம்), பத்துத் தேங்காய் எவ்வளவு என்று கேட்டதற்கு ஒரு சிறுவன் சொன்ன வழி பிரபலமானது. மூன்று தேங்காய் 105, இன்னொரு மூன்று சேர்ந்தால் 210, மேலும் மூன்று சேர்ந்தால் 315, ஒன்று மீதம், ஆக 350. பத்தால் பெருக்க ஒரு பூச்சியம் போட்டால் போதும் என்ற பள்ளி வழி அவனுக்குத் தோன்றவில்லை. மும்மூன்றாக விற்றுப் பழகியவனுக்கு மூன்றின் விலைதான் அடித்தளம். உங்கள் மாணவனும் பதினேழை ஒரு பத்து, ஓர் ஐந்து, ஒரு இரண்டாகப் பிரித்துச் சேர்க்கிறான் என்றே நினைக்கிறேன். கேட்டுப் பாருங்கள். அதைக் கரும்பலகையில் அவன் வாயாலேயே சொல்ல வைத்து, பக்கத்தில் நாம் பெருக்கும் முறையை எழுதினால் இரண்டும் ஒரே வேலையைச் செய்வது வகுப்புக்கே தெரியும்.

இந்த ஆய்வை எடுத்துச் சொல்கிறவர்கள் பலர் அதன் அளவைச் சொல்வதில்லை. அதில் இருந்தது ஐந்தே பிள்ளைகள். தெருவில் கற்ற கணக்கு உண்மையான கணக்கு என்பதை அது உறுதியாகக் காட்டுகிறது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் தெருக் கணக்கே போதும் என்று அது சொல்லவில்லை. மண்டியில் யாரும் பின்னத்தைப் பின்னத்தால் வகுப்பதில்லை, எழுத்துகளை வைத்துச் சமன்பாடு போடுவதில்லை. மேலே படிக்கப் போகிற பிள்ளைக்கு அவை வேண்டும். அவற்றைத் தருவதற்குப் பள்ளியை விட்டால் அந்தப் பையனுக்கு வேறு இடம் இல்லை.

அறிஞர்களுக்குள்ளும் இதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமனும் அவருடன் பணிபுரிந்த இருவரும் 1996இல் இந்தக் கருத்தை எடுத்துக்கொண்டு கடுமையாக விமர்சித்தார்கள். ஓரிடத்தில் கற்றது இன்னோரிடத்துக்குப் போகவே போகாது என்பது மிகை. எதை எப்படிப் பயின்றோம் என்பதைப் பொறுத்து அது போகவும் செய்யும். பொதுவிதியாகக் கற்பது பல சமயம் பயன் தரும். சில திறன்களைத் தனியாக உட்கார்ந்து பிரித்துப் பயில்வதே நல்லது என்றார்கள். என் வகுப்பறை அனுபவம் அவர்கள் சொன்னதோடு பெரிதும் ஒத்துப்போகிறது. வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்யாத பிள்ளையால் எந்த நிஜ வேலையிலும் எண்ணோடு நெடுந்தூரம் போக முடிந்ததை நான் பார்த்ததில்லை. லேவும் வெங்கரும்கூடத் தாங்கள் சொல்வது கற்பிக்கும் முறை அல்ல, கற்றலைப் பார்க்கிற ஒரு பார்வை என்று அந்த நூலிலேயே தெளிவாக எழுதியிருக்கிறார்கள். பயிற்சிக் கூடத்தில் அதைக் கற்பிக்கும் முறையாக்கி, அட்டவணை போட்டு உங்கள் கையில் கொடுத்துவிட்டார்கள். உங்கள் சலிப்பில் பாதி அங்கிருந்து வருகிறது.

இதைக் கேட்கும் தமிழர் யாருக்கும் இன்னொரு கேள்வி எழ வேண்டும். எழவில்லை என்றால்தான் எனக்குக் கவலை. வேலையில் பங்கேற்பதுதான் கற்றல் என்றால், பிள்ளைகளைப் பெற்றோர் தொழிலுக்கே அனுப்பிவிடலாமா? 1953இல் சென்னை மாநிலத்தில் ராஜாஜி அரசு கொண்டுவந்த திட்டம் ஏறக்குறைய அதைத்தான் சொன்னது. அரை நாள் பள்ளி, மீதி அரை நாள் வீட்டுத் தொழில். பெரியாரும் திராவிட இயக்கத்தவரும் அதைக் குலக்கல்வி என்று சொல்லி எதிர்த்தார்கள். 1954இல் முதலமைச்சரான காமராஜர் அதைக் கைவிட்டார். அந்த எதிர்ப்பு சரியானது என்பதே என் உறுதியான கருத்து. வீட்டுத் தொழிலில் பிள்ளை எதுவும் கற்காது என்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை, நிறையவே கற்கும். எந்தப் பிள்ளை எந்த வேலைக்குள் நுழையலாம் என்பதைப் பிறப்பு தீர்மானிக்கிற ஊரில், பங்கேற்பு என்ற பெயரில் அந்த வேலியை அரசே உயர்த்திக் கட்டக் கூடாது. தொழிற்சமூகங்கள் அறிவைக் காப்பாற்றுவதைப் போலவே வேலியையும் காப்பாற்றுகின்றன. நம் பக்கத்துக் கோயில்களில் பதினெட்டு நாள் பாரதம் நடக்கும்போது கூத்துக் குழுவோடு சுற்றித் திரிந்தே ஆட்டமும் பாட்டும் கற்ற பையன்களை எனக்குத் தெரியும். வாத்தியார் அவர்களுக்குத் தனிப்பாடம் எடுத்ததில்லை. அதே இரவுகளில் அதே அளவு ஆர்வத்தோடு பாயில் உட்கார்ந்து விடிய விடியப் பார்த்த பெண் பிள்ளைகளுக்குத் திரைக்குப் பின்னால் இடமில்லை, ஏனென்றால் மரபுப்படி திரௌபதி வேடமும் ஆண்தான் கட்டுவார். ஆகவே எந்த வேலையில் பிள்ளைகளை நுழைத்தாலும் 'இதில் யாரால் நுழைய முடியாது?' என்ற கேள்வியை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு சாதிப் பிள்ளையை வாசலோடு நிறுத்தும் வீட்டுக்கு உங்கள் வகுப்பை அனுப்பாதீர்கள். சட்டமும் இருக்கிறது. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி 14 வயதுக்கு உட்பட்டவர்களை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது. பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத குடும்ப வேலையில் உதவுவதற்கு விலக்கு உண்டு. எட்டாம் வகுப்புப் பிள்ளை கற்க வருகிறது, கூலி மிச்சப்படுத்த வரவில்லை என்பதில் நீங்கள் கறாராக இருக்க வேண்டும்.

பிறப்பு வேலியைத் தாண்டியும் இப்படிப்பட்ட கற்றல் நடக்கும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறது. அரூர்ப் பக்கம் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் 1993இல் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் ஒரு சிறு மருத்துவமனையைத் தொடங்கினார்கள். அங்கே செவிலியர் வேலையும் ஊர் ஊராகப் போய்ச் செய்யும் சுகாதார வேலையும் கற்றவர்கள் அதே பள்ளத்தாக்கின் பழங்குடிப் பெண்கள். நோயாளியின் அருகில் நின்று, மருத்துவருடன் சேர்ந்து வேலை செய்து கற்றார்கள். அங்குள்ள லம்பாடிப் பெண்களிடையே வழக்கொழிந்துகொண்டிருந்த எம்பிராய்டரித் தையலும், அதை நினைவில் வைத்திருந்த மூத்த பெண்களிடமிருந்து இளைய பெண்களுக்கு வந்து, இப்போது வருமானம் தரும் தொழிலாகியிருக்கிறது. சங்கிலி அறுந்த இடத்திலும் நினைவுள்ள ஒருவர் பக்கத்தில் உட்கார முடிந்தால் மீண்டும் கோக்கலாம் என்று எனக்குத் தைரியம் தந்தது இதுதான்.

இனி உங்கள் வகுப்புக்கு. நான் உங்கள் இடத்தில் இருந்தால் சுற்றுலாவை விட்டுவிட்டு, பட்டு வளர்க்கும் ஒரே ஒரு வீட்டோடு ஒரு வளர்ப்புக் காலம் முழுவதும் உறவு வைத்துக்கொள்வேன். அந்த வீட்டுக்கு உண்மையிலேயே தேவைப்படும், ஆனால் பெரும்பாலும் யாரும் ஒழுங்காகச் செய்யாத ஒரு வேலை இருக்கிறது. அதுதான் மனையின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் குறித்து வைப்பது. கடைசிப் பருவத்தில் புழுவுக்கு 24 டிகிரியை ஒட்டிய வெப்பமும் 70 சதவீதத்தை ஒட்டிய ஈரப்பதமும் வேண்டும். ஒரு புழு தன் வாழ்நாளில் தின்னும் தழையில் எண்பது சதவீதத்துக்கு மேல் அந்த ஒரு பருவத்தில்தான் தின்கிறது, காற்று வறண்டு தழை வாடினால் தீனி குறையும், கூடு மெலியும். இரண்டு வெப்பமானிகள் போதும். ஒன்றின் குமிழில் ஈரத் துணித்திரி சுற்றித் தண்ணீரில் முனையை விட்டுவிட வேண்டும். உலர்ந்தது 30, ஈரமானது 22 என்று காட்டினால் ஈரப்பதம் ஏறத்தாழ 50 சதவீதம், அதாவது போதாது, சன்னலில் ஈரச் சாக்குத் தொங்கவிட வேண்டும். 28, 24 என்றால் 70ஐத் தாண்டியிருக்கும், ஈரப்பதத்தைப் பற்றிக் கவலை இல்லை. ஈரத் துணி ஏன் குறைவாகக் காட்டுகிறது என்ற கேள்வி அன்றைக்கே யாராவது ஒரு பிள்ளையிடமிருந்து வரும். ஆவியாதல் பாடத்துக்கு அதைவிட நல்ல நுழைவாயிலை நான் கண்டதில்லை.

இதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. ஒரு நேரத்தில் இருவர் மட்டும், கைகால் கழுவி, வீட்டார் சொல்லும் ஒழுங்கைப் பின்பற்றி உள்ளே போகட்டும். இருவரில் ஒருவர் பட்டு வளர்க்காத வீட்டுப் பிள்ளையாக இருக்கட்டும். அளந்ததைப் பள்ளிக்குக் கொண்டுவந்து எழுதுவதோடு நின்றால் அது மறுபடி குறிப்பேடாகிவிடும். அளவை அந்த வீட்டுப் பெரியவரிடம் வாயால் சொல்லிவிட்டு, அவர் அதை வைத்து என்ன செய்தார், சன்னலைத் திறந்தாரா, சாக்கை நனைத்தாரா என்று பார்த்துவிட்டு வர வேண்டும். தங்கள் எண்ணால் ஒருவர் ஒரு முடிவெடுக்கிறார் என்று தெரிந்த நாளிலிருந்து பிள்ளைகள் வெப்பமானியை வாசிக்கும் விதமே மாறிவிடும், அரை டிகிரிக்குச் சண்டை போடுவார்கள். சில நாள் பெரியவர் அந்த எண்ணைப் பொருட்படுத்த மாட்டார், புழுவைப் பார்த்தே சொல்லிவிடுவார். அதையும் எழுதி வரச் சொல்லுங்கள், எண்ணுக்கும் அவர் கண்ணுக்கும் எங்கே ஒத்துப்போகிறது, எங்கே இல்லை என்பது வகுப்பில் ஒரு வாரம் பேசத் தக்கது. வளர்ப்பு முடிந்து பழுத்த புழு பொறுக்கும் நாள் வரும்போது, பழகிய பிள்ளைகளை அவர்களே கூப்பிடுவார்கள். தர்மபுரி அங்காடியில் கூடு என்ன விலைக்குப் போயிற்று என்று கேட்டு எழுதிவைத்தால், அடுத்த வளர்ப்போடு ஒப்பிட உங்களிடம் நிஜமான எண்கள் இருக்கும்.

குழுவாக உட்கார வைப்பதை அடியோடு விட வேண்டியதில்லை. அதற்கும் சரியான இடம் உண்டு, போய் வந்தவர் போகாதவருக்குச் சொல்லும் இடம் அது. நன்னூலின் பொதுப்பாயிரம் இதைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அளந்து சொல்லியிருக்கிறது. ஆசிரியர் சொல்லக் கேட்பதில் மாணவனுக்குக் கால் பங்குதான் வரும், உடன் பயில்வோரோடு பழகுவதில் இன்னொரு கால் பங்கு, பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் மீதி அரைப் பங்கும் வந்து நிறையும் என்கிறது. நகல் எடுக்கும் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் அமெரிக்க மெக்கானிக்குகளை ஆராய்ந்த ஜூலியன் ஓர் என்ற மானிடவியலாளர் கண்டதும் இதற்கு நெருக்கமானது. கையேட்டில் இல்லாத கோளாறுகளை அவர்கள் தீர்த்தது, காபி குடிக்கும்போது ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட பழுதுக் கதைகளால். உங்கள் குழுவிலும் ஒருவருக்குத் தெரிந்து மற்றவருக்குத் தெரியாத ஒன்று இருக்க வேண்டும். ஆறு பேருக்கும் ஒரே பக்கம் திறந்திருந்தால் பேச என்ன இருக்கிறது?

இதனால் மதிப்பெண் கூடுமா என்ற கேள்விக்கு உறுதி தர மாட்டேன். ஆவியாதல், சராசரி, வரைபடம், சதவீதம் ஆகியவற்றில் விடைகள் தெளிவாவதை என் வகுப்புகளில் பார்த்திருக்கிறேன். ஆனால் அதே ஆண்டுகளில் நான் வேறு பலவற்றையும் மாற்றியிருந்தேன், எது எதனால் என்று பிரித்துச் சொல்ல என்னிடம் வழியில்லை. பெருக்கலும் வகுத்தலும் தடுமாறும் பிள்ளைகளுக்குத் தினமும் கொஞ்ச நேரம் தனிப் பயிற்சி தொடரட்டும், இந்த வேலை அதற்கு மாற்றாகாது. தொடங்குவதற்கு முன் தலைமை ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். எந்த வீடு ஒத்துழைக்கும் என்று பட்டு வளர்ச்சித் துறையின் உள்ளூர்க் கள அலுவலருக்குத் தெரியும். புழு மூன்றாம் பருவத்தில் இளம்புழு மையத்திலிருந்து வீட்டுக்கு வரும் நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு, அதற்கு ஒரு வாரம் முன்பே வெப்பமானிகளை வகுப்பிலேயே மாட்டிப் பிள்ளைகளை வாசிக்கப் பழக்கிவிடுங்கள்.